பெயின்ற் வாளியோடு வரவேண்டாம், ரீச்சர்

கேள்வி: நான் லண்டனில் ஓர் இடைநிலைப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியிலும் உதவுகிறேன். எங்கள் பாடசாலைக்கு யாழ்ப்பாண மாவட்டத்தில் இரண்டு இணைப் பாடசாலைகள் உண்டு. ஒன்று வலிகாமத்தில், மற்றது புங்குடுதீவுப் பக்கம். இதுவரை கடிதம், சூம் சந்திப்பு என்ற அளவில்தான் தொடர்பு. அடுத்த கோடை விடுமுறையில் 15, 16 வயதுப் பிள்ளைகள் 22 பேரைத் தொண்டுப் பயணமாக அங்கே கூட்டிவர நினைக்கிறோம். அவர்களில் 14 பேர் தமிழ்ப் பிள்ளைகள். ஓகஸ்டில் மூன்று வாரம். வகுப்பறைகளுக்குப் பெயின்ற் அடிப்பது, ஆங்கிலம் படிப்பிப்பது, ஒரு சிறுவர் இல்லத்தில் ஒரு நாள், பழைய மடிக்கணினிகள் கொடுப்பது, கடைசியில் நல்லூர்த் தேர் என்று திட்டம். அதிபர்கள் இருவரும் "எப்ப வேண்டுமென்றாலும் வாருங்கோ" என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது, எதையெல்லாம் கவனிப்பது?
ஓர் ஆசிரியை, ஹரோ

பதில்:

அன்புள்ள ரீச்சருக்கு,

முதலில் திகதியைப் பார்ப்போம். உங்கள் திட்டம் முதலாவதாக இடறுவது அங்கேதான். ஓகஸ்ட் உங்களுக்கு விடுமுறை. எங்களுக்கும் வழக்கமாக அதுதான் இரண்டாம் தவணை விடுமுறைக் காலம். 2020க்குப் பிறகு கொரோனாவும் பொருளாதார நெருக்கடியும் எங்கள் பாடசாலை நாட்காட்டியைக் கலைத்துப்போட்டன. விடுமுறை எப்போது தொடங்கும், எத்தனை நாள் நீளும் என்பது ஆண்டுக்காண்டு மாறுகிறது. ஆனாலும் ஓகஸ்ட் முழுக்க வகுப்பு நடக்கும் என்று நம்பிப் பயணச்சீட்டு எடுக்கவேண்டாம். பூட்டிய பள்ளிக்கூடத்தில் பெயின்ற் அடிக்கலாம், பிள்ளைகளைக் காணமுடியாது. அல்லது இன்னொன்று நடக்கும்: லண்டனில் இருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று விடுமுறையில் நிற்கும் பிள்ளைகளைச் சீருடை போட்டு வரச்சொல்வார்கள். அது இன்னும் மோசம்.

நல்லூரும் இந்தக் கணக்கில் சேரும். ஆடி அமாவாசைக்கு ஆறாம் நாள் கொடியேறி 25 நாள் திருவிழா. தேர் 24ஆம் நாள். அந்த நாட்களில் கனடா, சுவிஸ், பிரான்ஸ் எல்லாம் யாழ்ப்பாணத்தில்தான் நிற்கும். 22 பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் ஒரே விடுதியில் வைத்திருக்க அறை கிடைப்பது கடினம், வான் கிடைப்பதும் கடினம். தேர் நாளில் அந்தச் சனத்துக்குள் 22 பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குப் பொறுப்பாக நிற்க எனக்குத் துணிவில்லை. சாமி பார்க்கத்தான் வேண்டுமென்றால் சாதாரண நாளில் ஒரு மாலைப் பூசைக்குப் போங்கள். பெடியன்கள் மேற்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போகவேண்டும் என்பதை மட்டும் லண்டனிலேயே சொல்லிவையுங்கள். வாசலில் வைத்துச் சொன்னால் கூச்சப்பட்டு வெளியே நின்றுவிடுவார்கள்.

வேறு எப்போது வரலாம்? உங்கள் பள்ளி யூலை மூன்றாம் நான்காம் வாரமளவில் மூடுகிறது. மூடிய கையோடு விமானம் ஏறினால், எங்கள் இரண்டாம் தவணையின் கடைசி நாட்களைப் பிடிக்கலாம். மூன்று வாரம் தேவையில்லை, பத்துப் பன்னிரண்டு நாள் போதும். ஆனால் தவணை முடிவு என்றால் தவணைப் பரீட்சை. வரும் ஆண்டின் நாட்காட்டியையும் பரீட்சை நேரசூசியையும் அதிபரிடம் கேட்டு வாங்கிவிட்டுத்தான் திகதி போடவேண்டும். ஈஸ்டர் விடுமுறை மார்ச் கடைசியில் வருகிற ஆண்டுகளில் அதுவும் நல்ல தெரிவு. ஏப்ரல் நடுப்பகுதிக்குப் போய்விட்டால் இங்கே புத்தாண்டு விடுமுறை. பெப்ரவரி அரைத்தவணை விடுமுறையைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அதிபர்கள் "எப்ப வேண்டுமென்றாலும் வாருங்கோ" என்றார்கள் அல்லவா? அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வாசலில் வந்தவரை இப்போது வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் எங்களுக்கு இல்லை. அதிபருக்கு அதைவிட இன்னொரு சங்கடமும் உண்டு. இன்றைக்கு முகம் சுளித்தால் நாளைக்கு வரக்கூடிய கூரைத்தகடோ புலமைப்பரிசிலோ கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம். நான் கல்வித் திணைக்களத்தில் இருந்த காலத்தில் வெளிநாட்டுக் குழு ஒன்று வந்துபோன மறுநாள், விட்டுப்போன பாடத்தை முடிக்கச் சனிக்கிழமை வகுப்பு வைத்த பாடசாலைகளைப் பார்த்திருக்கிறேன். வந்தவர்களுக்கு அது தெரியவே தெரியாது. ஆகவே "வரலாமா" என்று கேட்காதீர்கள். "இந்த இரண்டு கிழமையில் எது உங்களுக்குக் கரைச்சல் குறைவு? நாங்கள் நிற்கும்போது எந்தப் பாடம் தடைப்படும்? எத்தனை பேருக்கு மேல் வந்தால் சமாளிக்க முடியாது?" என்று கேளுங்கள். இப்படிக் கேட்டால் உண்மையான பதில் வரும். புங்குடுதீவுப் பாடசாலையின் மொத்த மாணவர் தொகையையும் கேட்டுக்கொள்ளுங்கள். தீவகத்தில், அதாவது புங்குடுதீவு போன்ற தீவுகளில், நூறு பிள்ளைகள்கூட இல்லாத பாடசாலைகள் உண்டு. அப்படியொன்றுக்குள் 22 பேர் நுழைந்தால் அங்கே அன்றைக்குப் படிப்பு இல்லை.

இனி நான் சொல்லவந்த முக்கியமான விசயம். உங்கள் திட்டத்தில் இரண்டு வேலைகள் ஒன்றாகப் பிசைந்து கிடக்கின்றன. பாடசாலைக்கு உதவி செய்வது ஒன்று. லண்டன் பிள்ளைகள் வேறொரு நாட்டைப் பார்த்து, பழகி, யோசிக்கக் கற்றுக்கொள்வது மற்றொன்று. இரண்டும் நல்லவை. ஆனால் இரண்டையும் ஒரே பயணத்தில் போட்டால் இரண்டும் கெடும். உதவி ஆண்டு முழுக்க நடக்கட்டும். அதற்கு 22 பேர் பறந்துவரத் தேவையில்லை. பயணம் படிப்புப் பயணமாக இருக்கட்டும்; அதற்குத் தொண்டு என்று பெயர் வைக்கத் தேவையில்லை. வெளியூர்க்காரர் வந்து செய்த தொண்டை இந்த மண் அறியாதது அல்ல. மானிப்பாயில் மருத்துவம் படிப்பித்த அமெரிக்கர் சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தவர். தமிழ் படித்து, மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, பாடநூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். இரண்டு தடவையாக ஏறக்குறைய 20 ஆண்டுகள் இங்கே இருந்தார். மூன்று வாரம் நிற்கிற 15 வயதுப் பிள்ளையிடம் அதில் நூறில் ஒரு பங்கைக்கூட எதிர்பார்ப்பது நியாயமில்லை. எதிர்பார்க்கிறோம் என்று அந்தப் பிள்ளையை நம்பவைப்பது அதைவிட நியாயமில்லை.

பெயின்ற் அடிக்கிற திட்டத்தை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தில் பெயின்ற் அடிக்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை, அவர்களுக்கு வேலைக்குத்தான் பஞ்சம். ஒரு பிள்ளையின் விமானச்சீட்டுக் காசில் அவர்கள் எத்தனை வகுப்பறையை முடிப்பார்கள் என்று நீங்களே கணக்குப் போடலாம். அதுவும் தீவகத்தில் உப்புக்காற்று. பழைய பூச்சைச் சுரண்டி, சுவரைக் காயவிட்டு அடிக்காவிட்டால் அடுத்த மாரிக்குள் செதில் செதிலாக உதிரும். அந்தச் சுரண்டல் வேலையைப் பிள்ளைகள் ஒருநாளும் ஒழுங்காகச் செய்யமாட்டார்கள், பெயின்ற் அடிக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. அதற்கும் முன்னால், அந்தப் பாடசாலைக்குப் பெயின்ற்தான் தேவையா என்று யாராவது கேட்டீர்களா? புங்குடுதீவுப் பக்கம் பெரும்பாலான கிணறுகள் உவர். குடிதண்ணீர் பவுசர் வண்டியில் வருகிறது. கூரைக்குப் பீலி போட்டு, மழைத்தண்ணீர் சேர்க்கிற தொட்டி ஒன்று கட்டினால், மாரியில் விழுகிற தண்ணீர் பங்குனி சித்திரைக்கு உதவும். மாணவிகளின் மலசலகூடத்தில் கதவும் தண்ணீரும் இருக்கிறதா என்று பாருங்கள்; வயதுக்கு வந்த பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் நிற்பதற்கு அது ஒரு காரணம். இவை படம் எடுத்துப் போட அவ்வளவு வடிவாக இருக்காது. பரவாயில்லை.

கட்டட வேலை எதுவானாலும் வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதி வேண்டும். காசு பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் வங்கிக் கணக்குக்குப் போகவேண்டும். அதிபரின் கையிலோ, ஊரில் இருக்கும் யாரோ ஒரு சொந்தக்காரரின் கணக்கிலோ கொடுக்கவேண்டாம். நல்ல அதிபர்களே அதை விரும்பமாட்டார்கள்.

ஆங்கிலம் படிப்பிப்பது பற்றி. உங்கள் பிள்ளைகள் ஆங்கிலம் கதைப்பவர்கள், படிப்பிப்பவர்கள் அல்ல. இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்பது ஆசிரியையான உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இங்கே தரம் 3இல் இருந்து ஆங்கிலம் ஒரு பாடம். அரசாங்கம் தரும் பாடநூல், பாடத்திட்டம், க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை என்று அது ஒரு பாதையில் போகிறது. நடுவில் யாராவது வந்து நான்கு நாள் பாட்டும் விளையாட்டுமாக வகுப்பு எடுத்தால் பிள்ளைகளுக்குச் சந்தோசம்தான். ஆனால் ஆண்டு முழுக்க அந்த வகுப்போடு மல்லுக்கட்டுகிற ஆங்கில ஆசிரியை கடைசி வரிசை வாங்கில் போய் உட்காரவேண்டி வருகிறது. போனபிறகு பிள்ளைகள் அவரிடம் "ஏன் ரீச்சர் நீங்கள் அப்படிக் கதைக்கிறதில்லை?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியை அவருக்கு மிச்சம் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

செய்யக்கூடியது வேறு. இங்கத்தைய பிள்ளைகளுக்குக் குறைவாகக் கிடைப்பது, தங்கள் வயதுக்காரரோடு பிழை விட்டாலும் பயமில்லாமல் ஆங்கிலத்தில் கதைக்கிற சந்தர்ப்பம். உங்கள் 14 தமிழ்ப் பிள்ளைகளுக்குக் குறைவாகக் கிடைப்பதும் அதேதான், தமிழில். ஆளுக்காள் சோடி சேர்த்து விடுங்கள். காலையில் அரைமணி தமிழ், அரைமணி ஆங்கிலம். தமிழ் தெரியாத எட்டுப் பேரும் இருக்கட்டும். சந்தையில் மாம்பழம் விலை கேட்கிற அளவுக்கு அவர்களுக்குப் படிப்பிக்கும் பொறுப்பை இங்கத்தைய தரம் 9, 10 பிள்ளைகளிடம் கொடுங்கள். கொடுப்பவர் ஒருபக்கம், வாங்குபவர் மறுபக்கம் என்ற நிலை அப்போதுதான் மாறும். நீங்கள் விஞ்ஞான ஆசிரியை. கிணற்றுத் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மேலே போடுகிற உரமும் மலக்குழிக் கசிவும் கீழே இறங்கி நிலத்தடி நீரில் நைத்திரேற்றாகச் சேர்கிறது என்பது இங்கே பலகாலமாக ஆராயப்பட்ட பிரச்சினை. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளிலும் தீவகத்து வீட்டுக் கிணறுகளிலும் இரண்டு நாட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து தண்ணீர் எடுத்து, உப்பும் நைத்திரேற்றும் பார்த்து, லண்டனில் குழாயில் வருகிற தண்ணீரோடு ஒப்பிடட்டும். சோதனைக் கீற்றுகள் பெட்டியில் இடம் பிடிக்காது. அது யாருக்கும் தானமில்லை, இரண்டு பக்கத்துக்கும் பாடம்.

ஆசிரியர்களுக்கிடையிலான தொடர்புதான் இதில் நீண்டகாலம் நிற்கும். வலயத்தில் ஆங்கிலத்துக்கு ஆசிரிய ஆலோசகர் இருப்பார். அவரையும் இரு பாடசாலைகளின் ஆங்கில ஆசிரியர்களையும் உங்கள் பள்ளியின் ஓர் ஆங்கில ஆசிரியரோடு மாதம் ஒருமுறை இணையத்தில் சந்திக்கவையுங்கள். இப்போதே தொடங்கலாம். பயணம் ஏதோ காரணத்தால் நின்றுபோனாலும் இது நிற்காது.

வீசா விசயத்தில் கவனம் தேவை. சுற்றுலா வீசாவில் வருகிறவர் சம்பளம் வாங்கியோ வாங்காமலோ வேலை செய்யக்கூடாது. இலங்கை அரசின் நிபந்தனை இது. "தொண்டர்கள், ஆங்கிலம் படிப்பிக்க வருகிறார்கள்" என்று எழுதிய கடிதத்தோடு கட்டுநாயக்கா விமானநிலையத்தில் இறங்கினால் அதிகாரி கேள்வி கேட்பது முறைதான். யாரோ ஒருவர் "அதெல்லாம் ஒருத்தரும் பார்க்கிறதில்லை" என்பார். 22 பேரின் பிள்ளைகளை அந்தப் பேச்சை நம்பிக் கூட்டிவர முடியாது. வீசா நடைமுறையும் கட்டணமும் அண்மைக் காலத்தில் பலமுறை மாறியதால் லண்டனில் உள்ள இலங்கை உயர்ஸ்தானிகராலயத்துக்கு உங்கள் நிகழ்ச்சி நிரலை அப்படியே எழுதி, எந்த வீசா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். பரிமாற்றப் பயணமாக மாற்றி அமைத்தால் பதில் சொல்வது அவர்களுக்கும் இலகு. இங்கே, அதிபர் தன்பாட்டில் முடிவெடுக்க முடியாது. யாழ்ப்பாண மாவட்டத்தில் யாழ்ப்பாணம், வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவகம் என்று ஐந்து கல்வி வலயங்கள். உங்கள் இரண்டு பாடசாலைகளும் இரண்டு வலயம். ஆகவே இரண்டு வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கும் அதிபர்கள் ஊடாகத் தனித்தனி விண்ணப்பம் போகவேண்டும். ஒன்று தேசிய பாடசாலையாக இருந்தால் கொழும்பில் அமைச்சு வரை போகும். பெயர்ப்பட்டியல், நிகழ்ச்சி நிரல், வருகிற பெரியவர்களுக்கான பொலிஸ் பதிவுச் சரிபார்ப்பு எல்லாவற்றையும் சேர்த்து ஆறு மாதத்துக்கு முன்பே கொடுங்கள்.

சிறுவர் இல்லத்தில் ஒரு நாள் என்பதை வெட்டிவிடுங்கள். இங்கே இல்லங்களில் இருக்கிற பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார். வறுமையும் குடும்பப் பிரச்சினையும்தான் அவர்களை அங்கே கொண்டுவந்தன. ஒவ்வொரு விடுமுறைக்கும் புதிய அக்கா, அண்ணா வந்து தூக்கிக் கொஞ்சி, படம் எடுத்து, அழுது, போய்விடுவது அந்தப் பிள்ளைகளுக்கு நல்லதல்ல. அந்த நாளை யாழ்ப்பாணம் பொதுநூலகத்துக்குக் கொடுங்கள்.

இப்போது, லண்டன் பாடசாலையின் இடர் மதிப்பீட்டுப் படிவத்தில் இல்லாத ஒரு விசயம்: சொந்தக்காரர்கள். 14 தமிழ்ப் பிள்ளைகள் என்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் இறங்கிய அன்று மாலையே விடுதி வாசலில் மாமி, சித்தப்பா, அம்மம்மாவின் தங்கை எல்லோரும் நிற்பார்கள். கையில் பலகாரம் இருக்கும். "ஒரு ராத்திரி வீட்டில நிண்டுட்டு வரட்டும் ரீச்சர்" என்பார்கள். பிறந்ததில் இருந்து பார்க்காத பேரப்பிள்ளையைப் பார்க்க ஆசைப்படுகிற கிழவிக்கு இல்லை என்று சொல்வது உங்களால் முடியாது, என்னாலும் முடியாது. ஆகவே சொல்லவேண்டி வராதபடி முன்கூட்டியே ஒழுங்கு செய்யுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சொந்தக்காரர் நாள் என்று ஒதுக்குங்கள். பெற்றோர் லண்டனில் வைத்தே, யார் வந்து கூட்டிப்போகலாம், எத்தனை மணிக்குத் திரும்பவேண்டும் என்று பெயர், அடையாள அட்டை இலக்கத்தோடு எழுதிக் கையெழுத்து வைக்கட்டும். இரவு தங்கல் இல்லை. மோட்டார் சைக்கிள் இல்லை; இங்கே மச்சான்மார் முதலில் செய்வது பைக்கில் ஏற்றிக்கொண்டு கசூரினாக் கடற்கரைக்குப் போவதுதான். சொந்தக்காரர் இல்லாத எட்டுப் பேருக்கும் அன்றைக்கு நல்லதாக ஏதாவது வையுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் விடுதியில் கைபேசியோடு குந்தியிருப்பார்கள்.

இன்னொன்றையும் மெல்லமாகக் கேட்டு அறியவேண்டும். எல்லாத் தமிழ்ப் பிள்ளைகளிடமும் பிரித்தானியக் கடவுச்சீட்டு இருக்கும் என்று நினைக்காதீர்கள். அகதி அந்தஸ்தில் இருப்பவருக்குக் கொடுக்கிற பயண ஆவணம் சொந்த நாட்டுக்குச் செல்லுபடியாகாது. அந்த நாட்டுக்குப் போய்வந்தால் அந்தஸ்துக்கே கேள்வி வரலாம். சில பெற்றோருக்குத் தங்கள் பெயர் இங்கே எந்தப் படிவத்திலும் பதிவதில் விருப்பம் இருக்காது. அதற்குக் காரணம் உண்டு, நீங்கள் துருவவேண்டாம். வகுப்பில் கை உயர்த்தச் சொல்லாமல், வீட்டுக்குத் தனிக்கடிதம் அனுப்பி, வராமல் நிற்கிற பிள்ளைக்கு யாரும் காரணம் கேட்காதபடி ஒழுங்கு செய்யுங்கள். தண்ணீர் ஆய்வின் லண்டன் பகுதியை அந்தப் பிள்ளைகள் நடத்தலாமே.

வருகிறவர்களில் சிலருக்கு அம்மா அப்பா சொல்லிக் கேட்ட வீட்டைப் பார்க்கவேண்டும் என்றிருக்கும். சிலரின் வீட்டில் வேறு ஆட்கள் இருப்பார்கள். சிலருடையது ஆலமரம் முளைத்த சுவராக நிற்கும். பலாலி, மயிலிட்டிப் பக்கம் என்றால் காணி இன்னும் இராணுவத்திடம் இருக்கக்கூடும். வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்கலாம், படம் எடுக்கக்கூடாது. 16 வயதுப் பிள்ளை அங்கே என்ன செய்யும் என்று சொல்லமுடியாது. சிரிக்கும், அழும், அல்லது இரண்டு நாள் பேசாமல் இருக்கும். இதற்கு அவசரப்பட்டு ஒரு கலந்துரையாடல் வைக்காதீர்கள். நிகழ்ச்சி நிரலில் ஒரு பின்னேரத்தை வெறுமையாக விடுங்கள். 1981இல் எரிக்கப்பட்ட நூலகத்தைப் பற்றியும் போரைப் பற்றியும் லண்டனிலேயே, தமிழ்ப் பிள்ளைகள் அல்லாதவர்களும் சேர்த்து, கொஞ்சம் படித்துவிட்டு வரட்டும். இங்கத்தைய பிள்ளைகளிடம் "உங்கள் வீட்டில் யார் செத்தவர்கள்" என்று கேட்கக்கூடாது என்பதையும் சொல்லிக் கொடுங்கள். சிரிக்காதீர்கள், கேட்டிருக்கிறார்கள்.

உடல்நலத்தில் பெரும்பாலானவற்றை உங்கள் மருத்துவர் சொல்வார். நான் இந்த ஊருக்குரியதை மட்டும் சொல்கிறேன். மலேரியா ஒழிந்த நாடு என்று 2016இல் இலங்கைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ் கிடைத்துவிட்டது, ஆனால் டெங்கு உண்டு. நுளம்பு கடிக்காமல் பார்ப்பதே வழி. பாடசாலை வளவில் நாய்கள் படுத்திருக்கும். தடவவேண்டாம். கடித்தாலோ பிறாண்டினாலோ உடனே சவர்க்காரம் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். விடியட்டும் என்று விடாதீர்கள். இலவச அம்புலன்ஸ் இலக்கம் 1990. பிறகு எள். உங்கள் நாட்டில் எள்ளு ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் உண்டு. இங்கே சமையலில் நல்லெண்ணெய் சேர்ப்பது வழக்கம். எள்ளுருண்டையை யாராவது அன்பாக வாயில் ஊட்டியும் விடுவார்கள். ஒடியல் கூழுக்குள் நண்டும் இறாலும் கிடக்கும். ஒவ்வாமை உள்ள பிள்ளையின் பெயரோடு தமிழில் ஓர் அட்டை எழுதிச் சமையல்காரரிடமே கொடுங்கள். புங்குடுதீவுக்கு வீதியால் போகலாம், படகு தேவையில்லை. குறிகட்டுவானில் இருந்து நயினாதீவுக்குப் போக ஆசை வந்தால் லைப் ஜக்கெற் போட்டுத்தான், காற்றுக் குறைந்த காலையில்தான். கிணறுகள் பலவற்றுக்குக் கட்டு தாழ்வு, அதில் ஏறி இருந்து படம் எடுக்கவேண்டாம். விமானத்தால் இறங்கிய கையோடு இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணம் ஓடவும் வேண்டாம். ஏழெட்டு மணி நேர ஓட்டம். நீர்கொழும்பிலோ அனுராதபுரத்திலோ ஓர் இரவு தங்கிவிட்டு வாருங்கள்.

வரவேற்பு என்று ஒன்று நடக்கும். பாண்ட் வாத்தியம், மாலை, பொட்டு, வாசலில் இருந்து மண்டபம் வரை இரண்டு பக்கமும் சின்னப் பிள்ளைகள். நீங்கள் ஒன்பது மணிக்கு வந்தால் அந்தப் பிள்ளைகள் எட்டு மணியில் இருந்து வெயிலில் நிற்பார்கள். பிந்தினால் பிந்தினதுக்கு ஏற்ப நிற்பார்கள். வேண்டாம் என்று எழுதுங்கள். எழுதினாலும் பாதி நடக்கும், அதற்கு மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். காலைக் கூட்டத்தில் பத்து நிமிடம் போதும் என்று கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். மேடையில் ஏறியதும் உணர்ச்சிவசப்பட்டு "ஒரு கணினி அறை கட்டித் தருகிறோம்" என்று மட்டும் உங்கள் குழுவில் ஒருவரும் சொல்லிவிடக்கூடாது. இங்கே அது மறக்கப்படாது.

கொப்பி கொடுக்கிற படம் எடுக்காதீர்கள். ஒருபக்கம் லண்டன் பிள்ளை, மறுபக்கம் ஊர்ப்பிள்ளை, நடுவில் கொப்பி, இரண்டு பேரும் கமராவைப் பார்த்தபடி. பேஸ்புக் முழுக்க அதுதான் கிடக்கிறது. லண்டனில் காசு சேர்க்க அடிக்கிற துண்டுப்பிரசுரத்திலும் கவனம். "வறிய பிள்ளைகளுக்கு நம்பிக்கை ஒளி" என்று போட்டால், அதை இங்கத்தைய பிள்ளைகள் அன்றைக்கே தங்கள் கைபேசியில் பார்ப்பார்கள். துண்டுப்பிரசுரத்தை அச்சடிக்கும் முன் இரண்டு அதிபர்களுக்கும் அனுப்புங்கள். அவர்களுக்குக் காட்டக் கூசுகிற வாசகம் எதுவும் அதில் இருக்கவேண்டாம்.

பழைய மடிக்கணினிகளைக் காவிக்கொண்டு வரவேண்டாம். மின்கலம் செத்தது, ஆங்கில விசைப்பலகையில் இரண்டு எழுத்துத் தேய்ந்தது, இரண்டு ஆண்டில் மென்பொருள் புதுப்பிக்க முடியாதது என்று அவை கடைசியில் பாடசாலைக் களஞ்சிய அறையில் தூசி பிடிக்கும். இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருளை எறியவும் முடியாமல் அதிபர் முழிப்பார். அதே காசுக்கு யாழ்ப்பாணத்திலேயே உத்தரவாதத்தோடு இரண்டு வாங்கினால் பழுதானால் திருத்த ஆள் பக்கத்தில் இருக்கும். பாடநூல் அரசாங்கம் இலவசமாகவே கொடுக்கிறது. ஆகவே ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பெட்டி நிறையப் பொருள் கொண்டுவருகிற யோசனை இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். பெற்றோரிடம் வாங்குகிற காசில் பயணத்துக்கு இவ்வளவு, பாடசாலைகளுக்கு இவ்வளவு என்று தனித்தனியாகக் காட்டி, தனிக் கணக்கில் வையுங்கள். பயணம் முடிந்து இரண்டு ஆண்டுக்காவது அந்த இரண்டாவது கணக்கு ஓடவேண்டும்.

கடைசியாக, சொன்னபடி பெப்ரவரி. அந்த அரைத்தவணை விடுமுறையில் நீங்களும் இன்னோர் ஆசிரியரும் மட்டும் வந்துபோங்கள். மாரி முடிந்து வெயில் ஏறாத நேரம், பெரும்பாலும் பாடசாலை இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டிக் காலம், பள்ளிக்கூடம் கலகலப்பாக இருக்கும். விடுதி, வான், வைத்தியசாலைக்கு எடுக்கிற நேரம் எல்லாவற்றையும் கண்ணால் பாருங்கள். அதிபரின் அறையில் தேநீர் குடித்ததோடு திரும்பிவிடாமல் ஆங்கில, விஞ்ஞான ஆசிரியர்களோடும் அபிவிருத்திச் சங்கத்தில் இருக்கிற பெற்றோரோடும் தனியாகக் கதையுங்கள். பள்ளி காலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு விடும். புங்குடுதீவில் படிப்பிக்கிற பலர் யாழ்ப்பாணத்தில் இருந்து பஸ்ஸில் வந்துபோகிறவர்கள். அவர்களை 1.30க்குப் பிறகு மறித்து வைக்காதீர்கள், அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று அவர்களுக்கே நிச்சயமில்லை. ஓய்வுப் பாடவேளையில் கேளுங்கள். முடிந்தால் அந்த பஸ்ஸிலேயே அவர்களோடு ஏறிப் போங்கள். போகிற வழியில் நிறையச் சொல்வார்கள்.